ஒரே நாளில் காரில் போய்த் திரும்ப: கொங்குச் சாலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியில் டயர், வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். வெள்ளி, சனி சாயங்காலம் காற்றுப் பிடிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் மறுநாள் காலை எங்கேயோ கிளம்புகிறவர்கள். ஜாக்கி போடுவதற்குள் கேள்வி ஆரம்பித்துவிடும். வருசக்கணக்காக அதே கேள்விகள், ஆட்கள்தான் வேறு. வாய் வலிக்கிறது, எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். தூரமெல்லாம் உத்தேசக் கணக்கு.

ஏனுங்க, ஒரே நாள்ல போயிட்டு வர்றதுன்னா எத்தன கிலோமீட்டர் வரைக்கும் போலாமுங்க?

கிலோமீட்டரை விடுங்கள், மணிக்கணக்கைப் பாருங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். தாராபுரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். தாராபுரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். வால்பாறைக்கு நிற்காமல் போனாலே இரண்டரை மணி நேரம், நின்று பார்த்துக்கொண்டு போனால் நாலு. சமவெளியில் ஊர், வேகத்தடை, டீக்கடை எல்லாம் சேர்த்து மணிக்கு 45 கிலோமீட்டர் கிடைக்கும். மலையில் 20, 25 கிடைத்தால் பெரிது.

என் கணக்கு இதுதான்: ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் போக வர மொத்தம் 7 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். ஒரு நாளுக்கு ஒரு சாலை. "வழியில அதையும் பாத்துட்டு வந்தர்லாம்" என்று யாராவது பின் சீட்டிலிருந்து சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

காத்தால எத்தன மணிக்குக் கெளம்பணும்?

ஐந்து மணிக்கு வீட்டு கேட் சாத்தியிருக்க வேண்டும். ஐந்துக்குக் கிளம்பலாம் என்று பேசினால் ஆறரைக்குத்தான் வண்டி நகரும், அதனால் வீட்டில் நாலரை என்று சொல்லுங்கள். மலையடிவாரத்துக்கு ஏழு மணிக்கு முன்னால் போய்விட்டால் டூரிஸ்ட் பஸ்களுக்கு முன்னால் ஏறிவிடலாம். ஒரு பஸ்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு நாற்பது வளைவு ஏறிப் பாருங்கள், புரியும். அப்புறம், திரும்பி இறங்கும்போது இருட்டக்கூடாது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஐந்து மணி.

இப்பத்தான் ஓட்டிப் பழகிருக்கறேன். மொத மொதல்ல மலை ஏத்தறதுக்கு எந்த ரோடு நல்லாருக்கும்?

சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவுதான், ரோடும் அகலம். கோவை, திருப்பூர்க்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, 33 கிலோமீட்டர். குன்னூர் ரோட்டைவிட நெரிசல் குறைவு. கோத்தகிரியிலிருந்து இன்னும் 18 கிலோமீட்டர் போனால் கோடநாடு காட்சிமுனை. மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹடா ஊரும் கீழே விரித்துப் போட்ட மாதிரி தெரியும். மேகம் இல்லாத நாளில் தூரத்தில் பவானிசாகர் தண்ணீரும் மினுங்கும்.

பொள்ளாச்சி ஆட்களுக்கு நான் சொல்வது வேறு. வால்பாறை ரோட்டில் ஆழியார் தாண்டி ஒன்பதாவது வளைவு வரைக்கும் மட்டும் ஏறுங்கள், அங்கே நின்று பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள். அரை நாள் வேலை. மொத்த மலைக்கும் வேண்டிய பாடம் அந்த ஒன்பதிலேயே இருக்கிறது. கொல்லிமலையை முதல் தடவைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே 70 வளைவு.

வால்பாறை டவுன்ல பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லைங்கறாங்களே, நெசமா?

டவுனில் ஒன்றும் இல்லைதான். ஒரு கடைவீதி, பஸ் ஸ்டாண்டு, நாலு ஓட்டல். அதைப் பார்ப்பதற்காக யாரும் 40 வளைவு ஏற வேண்டாம். ஆனால் ஏறுகிற வழி இருக்கிறதே, அதுதான் வால்பாறை. ஆழியார் அணையை ஒட்டிப் போகும் ரோடு சோதனைச் சாவடி தாண்டியதும் திரும்பித் திரும்பி ஏற ஆரம்பிக்கும். வளைவுகளுக்குக் கீழிருந்து எண் போட்டிருக்கும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை, ரோடு போட்ட லோம் என்ற இஞ்சினியர் பேரில். அங்கே நின்றால் ஆழியார் தண்ணீர் மொத்தமும் காலடியில். காலையில் போனால் வரையாடு பார்க்கலாம். ஒரு தடவை கைப்பிடிச் சுவர் மேலேயே ஒன்று நின்றிருந்தது. நான் கார்க் கதவைத் திறந்த சத்தத்துக்கு அது அசையக்கூட இல்லை, அசைபோட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. பிஸ்கட் நீட்டாதீர்கள்.

அட்டகட்டி வரைக்கும் காடு. அப்புறம் தேயிலை ஆரம்பிக்கும், கவர்க்கல் பக்கம் பனி. கீழே நல்ல வெயில் அடிக்கிற நாளில்கூட அங்கே முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். டவுனுக்குக் கொஞ்சம் முன்னால் புதுத்தோட்டத்தில் மெதுவாகப் போங்கள். சிங்கவால் குரங்குக் கூட்டம் அங்கேதான் ரோடு தாண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத குரங்கு. மரத்துக்கு மரம் ரோட்டுக்கு மேலே அதற்கென்றே பாலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், தலையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

டவுனைத் தாண்டி ஒரே ஒரு இடம் போதும். நல்லமுடி காட்சிமுனை, இல்லாவிட்டால் சோலையாறு அணை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கப் போனால் இறங்கும்போது இருட்டிவிடும்.

ஈ-பாஸ் எதுக்கெல்லாம் வேணுமுங்க? அங்கயே போய் எடுத்துக்கலாமா?

நீலகிரி, கொடைக்கானல் இரண்டுக்கும் 2024 மே 7 முதல், வால்பாறைக்கு 2025 நவம்பர் 1 முதல். மூன்றுமே சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. கோத்தகிரியும் நீலகிரிதான் என்பதைப் பலபேர் மறந்துவிடுகிறார்கள். நீலகிரிப் பதிவெண் உள்ள டிஎன் 43 வண்டிகளுக்கு அங்கே கேட்பதில்லை, அரசு பஸ்ஸில் போனாலும் வேண்டாம். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைப்பார்கள். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000.

காசு கட்ட வேண்டியதில்லை, போனிலேயே அரசு தளத்தில் எடுத்துவிடலாம். ஆனால் முந்தின நாளே எடுங்கள், எடுத்ததைப் படமாகச் சேமித்து வையுங்கள். சாவடியில் வந்து எடுக்கலாம் என்று நின்றால் முன்னால் இருபது வண்டி, பின்னால் ஹாரன், சிக்னல் ஒரு கோடு.

தண்ணி பாட்டல் புடுங்கிக்கறாங்களாமா?

ஆமாம். மலைகளில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சாவடியில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் கேனில் பிடித்துக்கொண்டு போங்கள். சோறும் தூக்குப்போசியில்.

கொழந்தைக வாந்தி எடுக்குதுங்க, என்ன பண்றது?

வயிறு முட்ட ஊட்டிவிட்டு ஏற்றாதீர்கள், வெறும் வயிற்றிலும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். மருந்து கொடுப்பதென்றால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். வாந்தி வந்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். போனைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறந்து தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி வாந்திக்குக் காரணம் ஓட்டுகிறவர்தான். வளைவுக்குள் போய் பிரேக் போட்டு, வெளியே வந்து சர்ரென்று அழுத்தினால் யாருக்கும் குமட்டும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு ஒரே சீராகத் திரும்புங்கள்.

எறங்கையில பிரேக்ல கருகின நாத்தம் அடிக்குது. பிரேக் போயிருச்சா?

இந்தக் கேள்வி ஒன்றுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். ஞாயிறு சாயங்காலம் கடைக்கு வரும் வண்டிகளில் பாதி இந்த நாற்றத்தோடுதான் வருகின்றன. பிரேக் போகவில்லை, நீங்கள் அதை வேக வைத்திருக்கிறீர்கள். டாப் கியரில் விட்டுக்கொண்டு நாற்பது வளைவும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பேடும் டிஸ்க்கும் உரசி உரசிக் கொதிக்கும். ஓர் அளவுக்கு மேல் சூடானால் பேடுக்குப் பிடிமானம் போய்விடும். பிரேக் ஆயில் பழசாக இருந்தால் இன்னும் மோசம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாமான். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது அதனால்தான்.

பழைய லாரி டிரைவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இரண்டாவது கியரில் ஏறிய இடத்தை இரண்டாவதிலேயே இறங்க வேண்டும். இஞ்சின் உறுமும், உறுமட்டும், அதுதான் வண்டியைப் பிடித்து வைக்கிறது. பிரேக்கை அவ்வப்போது அழுத்தி விடுங்கள், காலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு வராதீர்கள். நியூட்ரலில் விட்டோ, இஞ்சினை அணைத்தோ இறங்கவே கூடாது. இஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் நின்றுவிடும், பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வண்டி வாங்கிய புதிதில் பெட்ரோல் மிச்சம் என்று வால்பாறையிலிருந்து நியூட்ரலில் விட்டுக்கொண்டு வந்தேன். பதினாலாவது வளைவு என்று நினைவு. பெடல் தரை வரைக்கும் போனது. மலைப்பக்கத்துச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்த முடிந்தது. பின் சீட்டில் இருந்த அம்மாயி, "என்றா, வந்துருச்சா?" என்று கேட்டார். நாற்றம் வந்தால் சமமான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அரை மணி நேரம் டீ குடியுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிப்போகும்.

என்னுது ஆட்டோமேட்டிக். அதுல கியரே இல்லீங்களே?

இருக்கிறது, அதுவாகப் போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். லீவர் பக்கத்தில் எல் என்றோ எஸ் என்றோ 2 என்றோ எழுதியிருக்கும், சில வண்டிகளில் மைனஸ் குறி. இறங்கும்போது டி-யில் விடாமல் அதற்கு மாற்றுங்கள்.

எலெக்ட்ரிக் வண்டிக்காரர்களுக்கு ஒரு சந்தோசம், ஒரு எச்சரிக்கை. ஏறும்போது சார்ஜ் மளமளவென்று இறங்கும், பயப்படாதீர்கள், இறங்கும்போது மோட்டாரே பிரேக் மாதிரி பிடித்துக் கொஞ்சம் சார்ஜைத் திருப்பித் தரும். ஆனால் மேலே தங்கி நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் திருப்பி வரும் கரண்டை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது, அந்தப் பிடிப்பும் குறைந்துவிடும். 80, 85 ஏறினதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

எதுக்க வண்டி வந்தா யாரு ஒதுங்கோணும்?

இறங்குகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும், ஏறுகிறவருக்கு முதல் வழி. பழக்கம் மட்டுமல்ல, சாலை விதியே அப்படித்தான். ஏற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்ப எடுப்பது எவ்வளவு சிரமம் என்று கிளட்ச் கருகினவர்களைக் கேளுங்கள். வளைவில் பஸ் வருவது தெரிந்தால் உள்ளே நுழையாதீர்கள், முன்னாலேயே நின்றுவிடுங்கள். அவருக்கு முழு வளைவும் வேண்டும்.

மலையே வேண்டாமுங்க, வீட்டுல பெரியவங்க இருக்காங்க. சமவெளியில நல்ல ரோடு எதாச்சும் இருக்குதா?

இருக்கிறது, நான் என் அம்மாவைக் கூட்டிப்போவதும் அங்கேதான். கோவையிலிருந்து அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம், அங்கிருந்து கோபி. சத்தி தாண்டினதும் நிறம் மாறும். வாய்க்கால் பாசனம், வயல், மஞ்சள், வாழை, தென்னை. சினிமா எடுக்கிறவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கும் ஊர் கோபி, சின்னக் கோடம்பாக்கம் என்றே பேர் எடுத்துவிட்டது. கோபிப் பக்கம் வரும்போது மெயின் ரோட்டை விட்டு எதாவது ஒரு வாய்க்கால் ரோட்டில் இறங்கி மெதுவாக ஓட்டுங்கள். பேர் சொல்லி ஓர் இடம் காட்ட மாட்டேன், எல்லா வாய்க்காலும் அழகுதான்.

வழியில் கொடிவேரி அணை, திரும்பும்போது பவானிசாகர். 1955-இல் கட்டி முடித்த மண் அணை, ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியாது. கோடையில் தண்ணீர் ரொம்ப இறங்கினால் உள்ளே மூழ்கிக் கிடக்கும் டணாயக்கன் கோட்டைப் பக்கத்து மாதவராயப் பெருமாள் கோயில் தலை காட்டும். அந்த வருசம் ஊரே பார்க்கப் போகும்.

இன்னொரு நாள் இருந்தால் பவானி கூடுதுறையில் ஆரம்பித்துக் காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டி ஈரோடு தாண்டிக் கொடுமுடிப் பக்கம் வரை போங்கள். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது, ஏறக்குறைய 90 கிலோமீட்டர், பவானியில் பிறந்து நொய்யலில் முடிகிறது. ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்று கேட்டால், பாம்பு போன தடத்தில் காலிங்கராயன் வெட்டினான் என்பார்கள். மேடு பள்ளம் பார்த்துத் தண்ணீரை நைசாக நடத்திக்கொண்டு போக அந்த வளைவு இல்லாமல் முடியாது என்பது என் எண்ணம். மலை ரோடும் அதே கணக்குதானே.

கொடிவேரியில குளிக்கலாமுங்களா?

விடுகிற நாளில் குளிக்கலாம். பவானிசாகரிலிருந்து தண்ணீர் அதிகமாகத் திறந்துவிட்டால் அன்றைக்குத் தடை, கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் முந்தின நாள் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திருமூர்த்தி மலை பஞ்சலிங்க அருவிக்கும் இதேதான்.

வால்பாறைப் பக்கத்து ஆறுகளில் இறங்குவதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பார்க்க முழங்கால் தண்ணீர், கண்ணாடி மாதிரி இருக்கும். பாறை இடுக்கில் சுழல் இருக்கும், மேலே எங்கோ பெய்த மழை திடுமென்று வந்து சேரும். 2023 அக்டோபரில் கோவையிலிருந்து போன கல்லூரிப் பையன்கள் ஐந்து பேர் சோலையாறு பக்கம் ஆற்றில் போய்விட்டார்கள். கூழாங்கல் ஆற்றில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த மாசத்துல எங்க போலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறை நனைந்து கிடக்கும், பார்க்க அழகு, ஓட்டச் சிரமம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இந்தப் பக்கம் கொட்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் சின்னக் கார் எம்மாத்திரம்? பல்லடம், உடுமலை ரோட்டில் காற்றாலைகள் எல்லாம் வெறிகொண்டு சுற்றும். லாரியை முந்தி வெளியே வந்ததும் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும், இரண்டு கையாலும் பிடியுங்கள். எனக்குப் பிடித்த மாசம் அதுதான், ஆனால் சமவெளிக்கு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. அப்போது கோத்தகிரி, குன்னூர் ரோடுகளில் மண் சரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் சரிந்ததில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். ஜனவரி, பிப்ரவரி எங்கே போனாலும் நன்றாக இருக்கும். மார்ச்சுக்கு அப்புறம் காடு காய்ந்து, யானைகள் தண்ணீர் தேடி ரோட்டுப் பக்கம் வரும்.

சாப்பாடு எங்க நல்லாருக்கும்?

காலைச் சாப்பாட்டை அடிவாரத்திலேயே முடித்துவிடுங்கள். ஆழியார், பவானிசாகர், மேட்டூர் மூன்றிலும் அணைப் பக்கம் மீன் வறுத்துத் தருவார்கள். வறுக்கும் முன்னால் மீனைக் காட்டச் சொல்லிப் பார்த்து எடுங்கள். மதியத்துக்கு வீட்டிலிருந்து அரிசிம்பருப்புச் சோறு, ஒரு தூக்குப்போசி தயிர், ஊறுகாய். அந்த டப்பாவைத் திறக்கும்போது வரும் நெய் வாசத்துக்கு எந்த ஓட்டலும் ஈடில்லை. ஆனால் காட்டுக்குள் நிறுத்தி உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், மிச்சத்தைக் குரங்குக்குப் போடாதீர்கள்.

கெளம்பறதுக்கு முன்னால வண்டியில என்ன பாக்கோணும்?

டயரில் காற்று, ஸ்டெப்னியிலும்தான். எண்ணிப் பார்த்தால் நாலில் ஒரு வண்டிக்கு ஸ்டெப்னி சப்பையாகத்தான் இருக்கிறது. கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் எழுதிய அளவுக்குப் பிடியுங்கள். மலைக்குப் போகிறோம் என்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருசம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். வைப்பர் ரப்பர், கூலன்ட். அவ்வளவுதான், மற்றதெல்லாம் ஆசைக்கு.

திம்பம் வழியா ராத்திரி போலாமுங்களா?

முடியாது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் ரோடு அது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை கார்களுக்குத் தடை, சரக்கு வண்டிகளுக்கு மாலை 6-லிருந்தே. காலை 6 மணிக்கு பண்ணாரியில் கேட் திறந்ததும் காத்திருந்த லாரிகள் எல்லாம் ஒன்றாக ஏறும். 27 வளைவில் ஒன்றில் நீள லாரி மாட்டினால் மொத்த ரோடும் நின்றுவிடும். நான் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டு, நிதானமாக ஏழரைக்கு மேல்தான் ஏறுவேன். பங்குனியில் குண்டம் என்ற தீமிதித் திருவிழா நடக்கும் வாரத்தில் மட்டும் அந்தப் பக்கமே போவதில்லை, கூட்டம் தாங்காது. மேலே போனால் ஆசனூர், தாளவாடி ரோடு. சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியைத் திருப்பிவிட வேண்டும்.

யானை ரோட்டுல நின்னா என்ன பண்றது?

தூரத்திலேயே நின்றுவிடுங்கள். ஹாரன் கூடாது, விளக்கை அடிக்கக் கூடாது, இறங்கவே கூடாது. இஞ்சின் ஓடட்டும், பின்னால் வண்டி வராமல் பார்த்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கத் தயாராக இருங்கள். அது போகும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான், அரை மணியோ ஒரு மணியோ. ஒன்று தாண்டிப் போய்விட்டது என்று உடனே நகராதீர்கள், குட்டி பின்னால் வரும்.

பக்கவாட்டில் நுழைந்து தாண்டிவிடலாம் என்ற எண்ணம்தான் ஆளைக் கொல்கிறது. 2025 பிப்ரவரியில் வால்பாறை ரோட்டில், நின்ற யானையைப் பைக்கில் தாண்டப் பார்த்த வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் தூக்கி எறியப்பட்டு இறந்தார்.

உடுமலையில இருந்து மூணார் ஒரே நாள்ல போயிட்டு வந்தர்லாமா?

போகலாம், ஆனால் மூணாரில் பார்க்க நேரம் இருக்காது. நான் சொல்வது மறையூரோடு திரும்பிவிடுங்கள். உடுமலை தாண்டி ஒன்பதாறு சாவடி, அப்புறம் காடு, மாநில எல்லை, சின்னாறு. மலைக்கு மறைந்த மழைநிழல் காடு அது, வால்பாறையின் பச்சையை எதிர்பார்க்காதீர்கள். முள், காய்ந்த புல், பாறை. அதற்கென்று ஓர் அழகு. மறையூரில் சந்தனக் காடு, முனியறைகள் என்ற பெருங்கற்காலத்துக் கல்லறைகள், கரும்புச் சாறு கொதிக்கும் கொட்டகைகள். சூடு ஆறாத உருண்டை வெல்லம் ஒரு கிலோ வாங்கி வாருங்கள். திரும்பும் வழியில் நேரம் இருந்தால் அமராவதி அணை முதலைப் பண்ணை.

ஊட்டி ஏறி, கல்லட்டி வழியா எறங்கி முதுமலை பாத்துட்டு வந்தர்லாமா?

கல்லட்டியில் 36 வளைவு, செங்குத்து. பிரேக் கேள்விக்குச் சொன்னதெல்லாம் அங்கே பத்து மடங்கு. விபத்து மேல் விபத்து நடந்ததால் வெளியூர் வண்டிகளை அந்த வழியில் கீழே இறங்க விடுவதில்லை, கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன 7 மணி நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், தாண்டிவிடும். இரண்டு நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

வால்பாறையில இருந்து அதிரப்பள்ளி வழியா சாலக்குடி எறங்கி, பாலக்காடு சுத்தி வந்தா ஒரே நாள்ல முடியுமுங்களா?

முடியும், நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன், மூன்றாவது தடவை செய்ய மாட்டேன். வால்பாறை, சோலையாறு, மலக்கப்பாறை, அங்கிருந்து அடர்ந்த காடு வழியாக வாழச்சால், அதிரப்பள்ளி. ரோடு சொர்க்கம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மலக்கப்பாறைச் சாவடியில் நேரம் குறித்துச் சீட்டு கொடுத்து அனுப்புவார்கள், நடுவில் நிறுத்தி வேடிக்கை பார்க்க அனுமதி இல்லை, சாயங்காலம் மூடிவிடுவார்கள். அங்கே மதியம் 12-க்குள் போய்ச் சேரவில்லையென்றால் வந்த வழியே திரும்புங்கள். அதிரப்பள்ளியில் நின்றுவிட்டு, சாலக்குடி, திருச்சூர், பாலக்காடு என்று நெரிசலில் ஊர்ந்து பொள்ளாச்சி வர இரவு ஒன்பதாகும். ஓட்ட இரண்டு பேர் இருந்தால் மட்டும் கிளம்புங்கள்.

கொல்லிமலை பத்தி ஒண்ணுமே சொல்லலியே?

நாமக்கல், ராசிபுரம் ஆட்களுக்கு அது ஒரு நாள் பயணம். கோவையிலிருந்து வருகிறவர்களுக்கு அப்படியல்ல. 70 வளைவு ஏறி, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏறினால் தொடை நடுங்கும். அந்தக் காலோடு திரும்ப 70 வளைவு கிளட்ச் மிதிக்க வேண்டும். ஓட்டுகிறவர் அருவிக்கு இறங்காமல் மேலேயே உட்கார்ந்து அன்னாசிப்பழம் சாப்பிடுவது உத்தமம்.

நேரமாயிருச்சு, மலையிலயே இருட்டிருச்சு, பனி வேற. எறங்கறதா தங்கறதா?

பனி மட்டும் என்றால் அரை மணி நேரம் நின்று பாருங்கள், சில சமயம் திரை விலகின மாதிரி போய்விடும். மழையும் பனியும் சேர்ந்திருந்தால் தங்கிவிடுங்கள், ரூம் வாடகையைப் பார்க்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஹை பீம் போடாதீர்கள், எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம், ஃபாக் லைட், இரண்டாவது கியர். ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் மினுக்க விடாதீர்கள், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குப் புரியாது. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டை நிறுத்துங்கள், வளைவுக்கு அந்தப் பக்கம் அடிக்கும் ஹாரன் கேட்க வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள். வால்பாறை பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சிக்கு அடுத்த அரசு பஸ் எப்போது என்று விசாரித்து, அது கிளம்பும்போது நீங்களும் கிளம்புங்கள். அந்த டிரைவர் இந்த நாற்பது வளைவையும் தினமும் ஏறி இறங்குகிறவர். கொஞ்சம் இடைவெளி விட்டு அவருடைய சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே வாருங்கள், அவர் பிரேக் போடும் இடத்தில் நீங்களும் போடுங்கள். ஆழியாரில் அவர் டீ குடிக்க நிறுத்தினால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.